பழைய மடிப்புக் கமராவைத் திறப்பதற்கு முன்: கண்டி ஈரத்திலிருந்து மீட்பது எப்படி?

கண்டியிலும் சுற்றியுள்ள தோட்டப் பகுதிகளிலும் பழைய அலுமாரிகளைக் கிளறினால் மடிப்புக் கமராக்கள் இன்னும் அகப்படும். பொத்தானை அழுத்தினால் முன்கதவு திறந்து, ஆர்மோனியத்தின் துருத்தி போல மடிந்த கறுப்புத் துருத்தி விரிந்து, லென்ஸ் முன்னே வரும். பற்றரி கிடையாது. இயங்காமல் கிடப்பவற்றில் பல உடைந்தவை அல்ல. காய்ந்த எண்ணெயும் ஈரமும்தான் அவற்றை நிறுத்தி வைத்திருக்கின்றன. எங்கள் வீட்டிலிருந்த 1950களின் அக்ஃபா இசொலெட் 2 கமராவைச் சரிசெய்தபோது பின்பற்றிய ஒழுங்கை இங்கே தருகிறேன்.

முதலில் சிவப்பு ஜன்னல்

பின்கதவைத் திறக்கவே வேண்டாம். பின்புறச் சிவப்பு ஜன்னலில் இலக்கம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் உள்ளே பிலிம் இருக்கிறது. திறந்தால் அதிலுள்ள படங்கள் அழியும்.

மலையகத்தில் இது சிறிய விடயமல்ல. 1964 ஒக்டோபர் 30 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. தலைமன்னாரில் கப்பலேறிய உறவுகளின் கடைசிப் படம் அந்தச் சுருளில் இருக்கக்கூடும். எங்கள் கமராவின் ஜன்னலில் 9 என்ற இலக்கம் நின்றது. மிச்சச் சுருளை இறுதிவரை சுற்றி, இருட்டறையில் வெளியே எடுத்துக் கழுவியதில் நான்கு படங்கள் தேறின. ஒன்றில் பெரியம்மா குடும்பம், இந்தியா போவதற்கு முன்.

கறுப்பு வெள்ளைப் பிலிம் பல பத்தாண்டுகள் தாங்கும். பழைய கலர் பிலிமையும் கறுப்பு வெள்ளையாகக் கழுவிப் பார்க்கலாம். தேறிய படத்தில் இருப்பவர்கள் யார் என்பதை, அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே எழுதி வையுங்கள்.

துருத்தி

பிலிம் இல்லையென்று உறுதியானதும் பின்கதவைத் திறந்து, இருட்டில் உள்ளிருந்து சிறு டோர்ச் அடியுங்கள். மடிப்பு மூலைகளில் நட்சத்திரம் போல ஒளி தெரிந்தால் அவை ஓட்டைகள். அக்ஃபாவின் போருக்குப் பிந்திய துருத்திகளில் இது மிகச் சாதாரணம். துணிக்கு அடிக்கும் கறுப்புப் பெயின்றை மெல்லியதாகப் பூசி, விரித்தபடியே நன்றாகக் காயவிடுங்கள். தடிப்பாகப் பூசினால் துருத்தி மடியாது. ஓட்டைகள் ஏராளம் என்றால் துருத்தியையே மாற்ற வேண்டும்.

ஷட்டர்

1 செக்கன், 1/2 செக்கன் போன்ற மெதுவான வேகங்களே முதலில் சிக்கும். அவற்றை இயக்கும் சிறு பற்சக்கரங்களில் பழைய எண்ணெய் பிசினாகியிருக்கும். புதிதாக எண்ணெய் விடாதீர்கள். அது ஷட்டர் தகடுகளில் பரவி அவற்றை ஒட்டவைக்கும். மண்ணெண்ணெயும் பிசுக்கை விட்டுச் செல்லும். சிகரெட் லைட்டருக்கு ஊற்றும் திரவத்தில் ஓரிரு துளி விட்டு, பலமுறை இயக்கி, ஆவியாக விடுங்கள். ஜன்னல்கள் திறந்திருக்கட்டும், அருகில் நெருப்பு வேண்டாம். தானாகப் படமெடுக்கும் டைமர் நெம்பைத் தொடாதீர்கள். இடையில் சிக்கினால் முழு ஷட்டரும் நின்றுவிடும்.

இறுகிய லென்ஸ்

அக்ஃபா பாவித்த பச்சைக் கிரீஸ் காலப்போக்கில் பசையாக இறுகும். தூர வளையத்தைத் திருப்பும்போது முன்வில்லையும் நடுவில்லையும் ஒன்றாகச் சுழன்றால் குவியம் தவறும். குறட்டால் நெரிக்காதீர்கள். வளையத்தின் இடத்தைக் குறித்துவிட்டு, தலைமுடி உலர்த்தியால் இளஞ்சூடேற்றி, அதே லைட்டர் திரவத்தால் நனைத்துப் பொறுமையாகக் கழற்றுங்கள். துடைத்து, சிறிதளவு புதுக் கிரீஸ் தடவிப் பூட்டுங்கள்.

பின்னர் குவியத்தைச் சரிபார்க்க வேண்டும். பிலிம் படியும் தளத்தில் டிரேசிங் கடதாசியை இறுக ஒட்டி, ஷட்டரை ‘பி’ நிலையில் திறந்து பிடியுங்கள். வாவிக்கரையில் நின்றால் பஹிரவகந்த புத்தர் சிலை நல்ல இலக்கு. கடதாசியில் சிலை மிகக் கூர்மையாக விழும் இடமே முடிவிலிப் புள்ளி.

பூஞ்சணமும் பாதுகாப்பும்

கண்டியின் ஈரக்காற்றில் லென்ஸுக்குள் சிலந்தி நூல் போலப் பூஞ்சணம் படரும். ஹைட்ரஜன் பெரொக்சைட்டும் அமோனியாவும் சம அளவு கலந்து, பஞ்சில் தொட்டுத் துடைக்கலாம், கையுறை அவசியம். கண்ணாடியை அரித்த தழும்பு போகாது, ஆனால் பெரும்பாலும் படத்தைக் கெடுக்காது. தோலுறை ஈரத்தை உறிஞ்சும். கமராவை அதற்குள் வைக்காதீர்கள். காற்றுப் புகாத பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் போதும்.

எந்தப் பிலிம்?

1901இல் வந்த 120 பிலிம் இன்றும் தயாராகிறது. கொடாக்கின் 620 பிலிம் 1995இல் நின்றுவிட்டது. அகலம் ஒன்றே, சுருளின் அச்சு மட்டும் மெல்லியது. 120 பிலிமை இருட்டில் 620 சுருளுக்கு மாற்றிச் சுற்றிப் பாவிக்கலாம். ஆகவே கமராவுக்குள் இருக்கும் வெற்றுச் சுருளை வீசிவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் 620 கமராவுக்குப் பிலிம் போட வழியில்லை.