காலியா கப்பல் எதில் ஓடியது?



1987 என்று நினைவு. எட்டாம் வகுப்பில் வ.உ.சி. பாடம். ஜன்னலோர பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து, "ஐயா, அந்தக் கப்பல் எதுல ஓடுச்சு?" என்றான். "நீராவியில. உட்காரு" என்றேன். "அப்போ எவ்வளவு கரி வேணும்? சரக்கை எங்க வைப்பாங்க?" என்றான். பரீட்சைக்கு வராது என்று அடக்கிவிட்டேன். உண்மையில் எனக்குப் பதில் தெரியாது. அது இத்தனை வருடம் உறுத்திக்கொண்டே இருந்தது.

1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவானது. மூலதனம் 10 லட்சம், பங்கு ஒன்று 25 ரூபாய். மறு வருடம் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்தன. மேடை மேடையாக இந்த இயக்கத்துக்காக முழங்கியவர் சுப்பிரமணிய சிவா, நம் வத்தலக்குண்டில் பிறந்தவர். (இதையும் அன்று நான் அழுத்திச் சொல்லவில்லை. நம்ம ஊர்க்காரரை நாமே மறந்தால் எப்படி?)

இப்போது அவன் கேள்வி. நிலக்கரிக் கப்பலில் கரி வைக்கும் அறையே பெரிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கரிக்குக் கொடுக்கும் இடமெல்லாம் சரக்குக்கு இழப்பு. ஆரம்ப கால என்ஜின்கள் நீராவியை ஒரு முறை பயன்படுத்திவிட்டு விட்டுவிடும். ஒரு சிலிண்டரில் வேலை செய்த நீராவியை அடுத்த பெரிய சிலிண்டருக்கு அனுப்பி மறுபடியும் வேலை வாங்கியது கூட்டு என்ஜின். 1866இல் ஆல்ஃபிரட் ஹோல்ட் என்ற ஆங்கிலேயர் அந்த என்ஜின் வைத்த கப்பலை, வழியில் கரி ஏற்றாமலே மொரீசியஸ் வரை ஓட்டிக் காட்டினார். கரி குறைந்தது, சரக்கு கூடியது, லாபம் வந்தது. நீராவிக் கப்பல் தூர தேச வியாபாரத்துக்கு வந்த கதை இதுதான்.

சுதேசிக் கப்பல் தோற்றது என்ஜினால் அல்ல. எதிர்க் கம்பெனி கட்டணத்தை அடிமட்டத்துக்கு இறக்கியது; கடைசியில் இலவசமாக ஏற்றி, குடையும் கொடுத்தது என்பார்கள். 1908 மார்ச் 12இல் வ.உ.சி.யும் சிவாவும் கைது. 1911இல் கம்பெனி கலைந்தது.

1912 டிசம்பரில் வ.உ.சி. விடுதலையானார். அதே வருடம் பிப்ரவரியில்தான் டென்மார்க்கின் 'செலாண்டியா' டீசல் என்ஜினோடு கோபன்ஹேகனிலிருந்து பாங்காக் புறப்பட்டது. புகைபோக்கி இல்லை, கரி அள்ளிப்போட ஆள் இல்லை. அவர் சிறையில் செக்கிழுத்த காலத்தில் கப்பல் தொழிலே மாறிவிட்டது!

2024 பிப்ரவரி 28இல் அதே தூத்துக்குடியில் நடந்த விழாவிலிருந்து, நம் நாட்டின் முதல் ஹைட்ரஜன் படகைப் பிரதமர் தொடங்கி வைத்தார். கட்டியது கொச்சி கப்பல் கட்டும் தளம். ஐம்பது பேர் போகலாம். ஹைட்ரஜனும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து மின்சாரம் தரும். கழிவாக வருவது வெறும் தண்ணீர். ஆற்றுப் பயணத்துக்கு இது சரி. பெருங்கடலுக்கு? அதே அளவு சக்திக்கு ஹைட்ரஜன் டீசலைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அதனால்தான் பெரிய கப்பல்காரர்கள் மெத்தனால், அம்மோனியா என்று தேடுகிறார்கள். மெத்தனாலில் ஓடும் முதல் கன்டெய்னர் கப்பல் 2023இல் வந்துவிட்டது.

பாருங்கள், "சரக்கை எங்க வைப்பாங்க?" என்று அவன் கேட்டதைத்தான் இன்றைய என்ஜினியர்களும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும், பெயர் போடவில்லை. அடுத்த கேள்வி இருந்தால் கீழே எழுது. இந்த முறை உட்காரச் சொல்ல மாட்டேன்.