கொடைக்கானல் மலையில் வீட்டுத் திட்ட முறைகேடு: துறை விசாரணை எப்படி நடக்கிறது, எங்கே உடைகிறது?

பழனி மலைத்தொடரில் மேல்மலை, கீழ்மலைக் கிராமங்களுக்குச் செல்லும்போதெல்லாம் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: “வீடு கட்டி முடித்ததாகக் கணக்கில் இருக்கிறது, கூரையே போடவில்லை. யாரிடம் போய்ச் சொல்வது?” கேட்பவர்கள் பெரும்பாலும் பட்டியல் சாதியில் அடங்கும் புலையர், பறையர், சக்கிலியர், பள்ளர் குடும்பத்தினர்; அல்லது பட்டியல் பழங்குடியினரான பளியர். அவர்கள் மனு கொடுக்காதவர்கள் அல்லர். மனுவின் அடியில் “விசாரணைக்கு அனுப்பப்பட்டது” என்ற குறிப்பும் இருக்கும். அதற்குப் பின் அந்த விசாரணை என்ன ஆகிறது என்பதைத்தான் எவரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. அதை விளக்கவே இக்கட்டுரை.

எந்த அலுவலகம், எந்த விதி

ஊராட்சிப் பகுதியில் வீட்டுத் திட்டங்களை நடத்துவது ஊரக வளர்ச்சித் துறையின் கீழுள்ள ஒன்றிய அலுவலகம். நகர்ப்பகுதியில் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். 1970இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி 2021இல் பெயர் மாறியது அதுவே. இவற்றுடன் தமிழ்நாடு வீட்டுவசதி வாரியமும், ஆதிதிராவிடர் வீட்டுவசதிக்காக 1974இல் உருவாக்கப்பட்ட தாட்கோவும் உள்ளன.

அரசு ஊழியர் ஒருவரின் தவற்றைத் தமிழ்நாடு குடிமைப் பணிகள் (ஒழுங்கு மற்றும் மேல்முறையீடு) விதிகளின்படி விசாரிக்கிறார்கள். விதி 17(அ) சிறு தண்டனைகளுக்கு, 17(ஆ) பெருந்தண்டனைகளுக்கு. வாரிய ஊழியர்களுக்குத் தனிப் பணி விதிமுறைகள் உண்டு. அரசியலமைப்பின் 311ஆவது பிரிவு தரும் பாதுகாப்பு அரசின் குடிமைப் பதவி வகிப்போருக்கே உரியது. வாரிய, நிறுவன ஊழியருக்கு அது பொருந்தாது. ஆயினும் இயற்கை நீதிக் கோட்பாடு அனைவருக்கும் பொது. எனவே நடைமுறையின் அடிப்படை எங்கும் ஏறத்தாழ ஒன்றே.

மூன்று பாதைகள்

ஒரே முறைகேட்டுக்கு மூன்று பாதைகள் திறந்திருக்கின்றன. ஒன்று, துறை ஒழுங்கு நடவடிக்கை. இரண்டு, 1964இல் அமைக்கப்பட்ட ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககத்தின் வழியே 1988ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்ட வழக்கு. மூன்று, 1989ஆம் ஆண்டு பட்டியல் சாதியினர் மற்றும் பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட மனையைப் பறிப்பதும், அதை அவர்கள் துய்ப்பதைத் தடுப்பதும் இச்சட்டப் பிரிவு 3இன்படி குற்றம். அக்குற்றத்தைச் செய்தவர் பொது ஊழியராக இருந்தால், பிரிவு 3(2)(vii) குறைந்தது ஓராண்டுச் சிறையை விதிக்கிறது.

மூன்று பாதைகளிலும் மெய்ப்பிக்க வேண்டிய அளவு ஒன்றன்று. குற்ற வழக்கில் ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டும். இதன் கடினத்தைக் கொடைக்கானல் நன்கறியும். ‘பிளசண்ட் ஸ்டே’ ஓட்டல் விதிகளை மீறி ஏழு தளங்கள் எழுப்ப விலக்களித்ததாகத் தொடரப்பட்ட வழக்கில், முன்னாள் முதல்வர் ஜெயலலிதா உள்ளிட்டோருக்கு 2000 பிப்ரவரி 2 அன்று தனி நீதிமன்றம் தண்டனை விதித்தது. 2001 டிசம்பர் 4 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. துறை விசாரணைக்கு அத்தனை உறுதியான சான்று தேவையில்லை. நடந்திருக்கவே வாய்ப்பு மிகுதி என்று சான்றுகள் காட்டினால் போதும். ஆகவே குற்ற வழக்கைக் காரணம் காட்டித் துறை விசாரணையைக் கிடப்பில் போடுவதை நாங்கள் ஏற்பதில்லை.

விசாரணையின் படிகள்

முதலில் பூர்வாங்க விசாரணை. புகாரில் உண்மைக்கான அடிப்படை உண்டா என்று பார்ப்பது மட்டுமே இதன் வேலை. இதைக் கொண்டு எவரையும் தண்டிக்க இயலாது. அடிப்படை உண்டெனில் குற்றக் குறிப்பாணை வழங்கப்படும். குற்றச்சாட்டுகள், அவற்றுக்கு ஆதாரமான விவரம், ஆவணங்களின் பட்டியல், சாட்சிகளின் பட்டியல் ஆகியவை அதில் இருக்க வேண்டும். ஊழியர் எழுத்து மூலம் விளக்கம் அளிப்பார். அவர் மறுத்தால் விசாரணை அலுவலர் நியமிக்கப்பட்டு, சாட்சிகள் விசாரிக்கப்பட்டு, குறுக்கு விசாரணைக்கு வாய்ப்பளிக்கப்படும். பிறகு அறிக்கை, அறிக்கையின் நகல் ஊழியருக்கு, அவருடைய மேல் விளக்கம், இறுதி ஆணை.

தண்டனை என்பது கண்டனம், ஊதிய உயர்வு நிறுத்தம், அரசுக்கு நேர்ந்த இழப்பை ஊதியத்தில் பிடித்தல், பதவியிறக்கம், கட்டாய ஓய்வு என்று தொடங்கி வேலையையே இழப்பது வரை நீளும். பணியிடை நீக்கம் தண்டனை அன்று. “சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள்” என்ற செய்தியோடு ஊர் நிறைவடைந்துவிடுவதும், சில மாதங்களில் அதே அலுவலர் வேறோர் ஒன்றியத்தில் பணியேற்பதும் இதனால்தான்.

எங்கே உடைகிறது

முதல் விரிசல் காலதாமதம். தமிழ்நாடு வீட்டுவசதி வாரியத்தைப் பற்றியே உச்ச நீதிமன்றம் 2005இல் அளித்த பி.வி. மகாதேவன் வழக்குத் தீர்ப்பை இத்துறையில் பணிபுரியும் ஒவ்வொரு விசாரணை அலுவலரும் படித்திருக்க வேண்டும். 1990இல் விற்பனைப் பத்திரம் வழங்கியதில் முறைகேடு என்பது குற்றச்சாட்டு. குறிப்பாணை வழங்கப்பட்டதோ 2000இல். தணிக்கையில்தான் தெரியவந்தது என்ற வாரியத்தின் விளக்கத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. பத்தாண்டுத் தாமதத்துக்காகவே குறிப்பாணையை ரத்து செய்தது. முறைகேடு நடந்ததா இல்லையா என்ற கேள்விக்கு விடையே கிடைக்கவில்லை. ஐதராபாத் மாநகராட்சியில் விதிமீறிய கட்டடங்கள் தொடர்பாக நகரமைப்பு அலுவலர் ஒருவர் மீது எழுந்த நடவடிக்கைக்கும் 1998இல், என். ராதாகிஷன் வழக்கில், இதுவே நேர்ந்தது: அறிக்கை 1987இல், குறிப்பாணை 1995இல்.

தாமதம் ஒன்றே எப்போதும் நடவடிக்கையை வீழ்த்திவிடாது, குற்றச்சாட்டின் கடுமையையும் எடைபோட வேண்டும் என்று 2012இல் பிரபாஷ் சந்திர மிர்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருப்பது உண்மை. ஆனால் ஓய்வுபெற்றவர் விஷயத்தில் கதவு முற்றிலும் மூடிவிடும். தமிழ்நாடு ஓய்வூதிய விதிகளின் 9ஆம் விதிப்படி, ஓய்வுக்குப் பின் தொடங்கும் துறை நடவடிக்கை, அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளுக்குள் நடந்த நிகழ்வைப் பற்றியதாகவே இருக்க முடியும்.

இரண்டாம் விரிசல், மெய்ப்பிக்கப்படாத ஆவணம். கோப்பில் காகிதம் இருந்தால் மட்டும் போதாது. அதை அறிந்த ஒருவர் சாட்சியாக வந்து மெய்ப்பிக்க வேண்டும் என்பது 2008இன் ரூப் சிங் நேகி தீர்ப்பு. அளவுப் புத்தகத்தின் நகலை இணைத்துவிட்டு, அளவெடுத்த பணி மேற்பார்வையாளரை விசாரிக்காமல் விட்ட அறிக்கை நீதிமன்றத்தில் நிற்காது.

மூன்றாம் விரிசல், நடுநிலை தவறுதல். விசாரணை அலுவலர் துறையின் பிரதிநிதி அல்லர், தற்சார்புடைய தீர்ப்பாளர் என்று 2010இல் சரோஜ் குமார் சின்கா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அறிக்கையின் நகலை ஊழியருக்குத் தராமல் தண்டிக்கக் கூடாது என்பது 1993 முதல், பி. கருணாகர் வழக்கு வழியாக, நிலைபெற்ற சட்டம்.

இவை அனைத்தும் ஊழியருக்கான பாதுகாப்புகள். பாதிக்கப்பட்டவர் பக்கம் நிற்கும் நாங்கள் இவற்றை எதிர்க்கவில்லை. அரசு அலுவலகங்களின் கீழ்நிலைப் பணிகளில் இருக்கும் தலித் ஊழியர்கள் பழிவாங்கலுக்கு உள்ளாகும்போது அவர்களுக்கும் இவையே கேடயம். மேலும், குறுக்கு வழியில் நடத்தப்பட்ட விசாரணை குற்றவாளிக்கே உதவுகிறது. ஈராண்டு கழித்து உயர் நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்யும். நிலுவை ஊதியத்துடன் அலுவலர் திரும்புவார். வீடு அப்படியே கூரையின்றி நிற்கும்.

மலைக்கு வராத விசாரணை

திண்டுக்கல்லிலிருந்து கொடைக்கானல் ஏறத்தாழ 95 கிலோமீட்டர். அங்கிருந்து மன்னவனூருக்கு மேலும் 35 கிலோமீட்டர். விசாரணைக்கு வரச் சொல்லி மாவட்டத் தலைநகருக்கு அழைப்பாணை அனுப்பினால், தோட்டக் கூலியான சாட்சி இரண்டு நாள் கூலியையும் பேருந்துக் கட்டணத்தையும் இழக்கிறார். அவர் வரவில்லை என்றால் “சாட்சி முன்வரவில்லை” என்று எழுதிக் கோப்பை மூடுவது எளிது.

வீடு நகராது, ஆகவே விசாரணைதான் நகர வேண்டும். பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் இடக்குறியீட்டுடன் ஒளிப்படம் பதிவேற்றப்படுகிறது. அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதே இடத்தில் நின்று பார்த்தால், காட்டப்பட்டது இந்த வீடா, அடுத்தவர் வீடா என்பது சில நிமிடங்களில் விளங்கும். வங்கிப் புத்தகம், சிமெண்ட், கம்பி வழங்கல் பதிவேடு, அளவுப் புத்தகம் ஆகிய மூன்றின் தேதிகளையும் பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்த்தால் பொய் எங்கே நுழைந்தது என்பது தெரியும். வாக்குமூலத்தை அவர்கள் பேசும் சொற்களிலேயே எழுதி, படித்துக் காட்டிய பிறகே ஒப்பமோ கைரேகையோ பெற வேண்டும். வாக்குமூலம் வாங்கும் இடம் ஒப்பந்ததாரர் வீட்டுத் திண்ணையாகவோ ஊர்ப் பெரியவர் முற்றமாகவோ இருக்கலாகாது.

சாட்சி மட்டும்தானா?

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த 15அ பிரிவு, பாதிக்கப்பட்டவருக்கு நீதிமன்ற நடவடிக்கை குறித்த அறிவிப்பையும், கருத்துரைக்கும் உரிமையையும், பயணச் செலவையும், பாதுகாப்பையும் அளிக்கிறது. துறை விசாரணையில் இவற்றுள் ஒன்றும் இல்லை. அங்கே வழக்கு துறைக்கும் ஊழியருக்கும் இடையில் மட்டுமே. வீட்டை இழந்தவர் வெறும் சாட்சி. முடிவைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டாலும் தடை உண்டு: ஊழியரின் ஒழுங்கு நடவடிக்கை விவரங்கள் தனிப்பட்ட தகவல் என்று 2012இல் கிரீஷ் ராமச்சந்திர தேஷ்பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

தண்டனை யார்மீது விழுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். 2021 ஆகஸ்டில் சென்னை புளியந்தோப்பு கே.பி. பூங்கா குடியிருப்பில் சுவர்ப்பூச்சு கையால் தொட்டாலே உதிர்ந்த செய்தி வெளியானபோது, இரு பொறியாளர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். தர ஆய்வு சென்னை ஐ.ஐ.டி.யிடம் ஒப்படைக்கப்பட்டது. ஊடக வெளிச்சம் விழுந்த இடத்தில் நாள்கணக்கில் நடவடிக்கை வந்தது. மலைக் கிராமத்தில் அந்த வெளிச்சமும் இல்லை, வல்லுநர் ஆய்வும் இல்லை. நடவடிக்கை வந்தாலும் ஊராட்சிச் செயலரோடு நின்றுவிடுகிறது. பணத்தை விடுவிக்க ஒப்பமிட்ட மேல்நிலை அலுவலர் கோப்பில் சாட்சியாகக்கூட வருவதில்லை.

மனு எழுதுவோர் கவனத்துக்கு

1. தேதி, தொகை, கட்டட நிலை ஆகியவற்றைத் தனித்தனியாகக் குறிப்பிடுங்கள். “ஊழல் நடந்தது” என்ற பொதுவான சொல்லைக் கொண்டு குற்றச்சாட்டு வரைய முடியாது.
2. பணி ஆணை, பயனாளிகள் பட்டியல், அளவுப் புத்தகம், பணம் விடுவித்த விவரம் ஆகியவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் முதலிலேயே கேட்டுப் பெறுங்கள். இவை ஊழியரின் தனிப்பட்ட தகவல்கள் அல்ல, பொதுப்பணத்தின் கணக்கு.
3. இப்போதைய நிலையைத் தேதியுடன் படமெடுத்து வையுங்கள்.
4. ஒப்பமிட்ட ஒவ்வோர் அலுவலரின் பதவியையும் எழுதுங்கள். அவர் ஓய்வுபெறும் காலம் நெருங்கினால் அதையும் சுட்டிக்காட்டுங்கள்.
5. சாதிப் பெயரால் இழிவுபடுத்தலோ மனைப் பறிப்போ நடந்திருந்தால் காவல் நிலையத்தில் தனிப்புகார் கொடுங்கள். துறை விசாரணை முடியட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. அப்புகாரைப் பதிய மறுக்கும் பொது ஊழியர் பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ அல்லாதவராயின், பிரிவு 4இன்படி அவரும் தண்டனைக்குரியவர். அதற்கு நிர்வாக விசாரணையின் பரிந்துரை தேவை.

எங்கள் கோரிக்கைகள் மூன்று. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வீட்டுத் திட்ட முறைகேடுகளில் குற்றக் குறிப்பாணை வழங்கக் கால வரம்பு வேண்டும். சாட்சியம் வீடு இருக்கும் கிராமத்திலேயே, பயணப்படியுடன் பதிவு செய்யப்பட வேண்டும். விசாரணையின் முடிவையும், மீட்கப்பட்ட தொகை தன் வீட்டைக் கட்டி முடிக்கப் பயன்பட்டதா என்பதையும் பாதிக்கப்பட்டவருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். முதல் இரண்டையும் நிறைவேற்ற ஓர் அரசாணை போதும். மூன்றாவதற்கு அதுவும் தேவையில்லை. ஓர் அலுவலரின் கடிதம் போதும்.