நல்ல பிளம்பர் யாராவது தெரியுமா?

நம் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் வாரம் ஒருமுறையாவது இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. உடனே நான்கைந்து போன் நம்பர்கள் வந்து விழும். அவர் யார் வீட்டில், என்ன வேலை செய்தார், எவ்வளவு வாங்கினார் என்பது மட்டும் தெரியாது. அடுத்த மாதம் இன்னொருவர் இதையே கேட்பார். இதே தொல்லையிலிருந்து அமெரிக்காவில் ஒரு நிறுவனமே பிறந்தது. அதன் கதையில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

1990-களின் நடுவில் வில்லியம் ஓஸ்டர்லி என்பவர் இண்டியானாபொலிஸிலிருந்து ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகருக்குக் குடிபோனார். வீட்டைப் பழுதுபார்க்க நம்பகமான ஆள் கிடைக்காமல் திண்டாடினார். முன்பு இருந்த ஊரில் 'யூனிஃபைட் நெய்பர்ஸ்' என்ற சேவை இருந்தது. சந்தா கட்டியவர்கள் போன் செய்தால், மற்ற சந்தாதாரர்கள் எந்த வேலையாளைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று தெரிந்துகொள்ளலாம். அதைப் போலவே கொலம்பஸிலும் ஒன்று தொடங்க நினைத்தார். தன்னிடம் பயிற்சி பெற்ற, 1995-இல்தான் கல்லூரியை முடித்த ஆஞ்சி ஹிக்ஸைத் துணைக்கு அழைத்தார்.

ஹிக்ஸ் கூச்ச சுபாவம் உள்ளவர். ஆனாலும் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினார். சந்தா கேட்டார், யாரிடம் வேலை வாங்கினீர்கள், திருப்தியா என்று விசாரித்து எழுதிக்கொண்டார். ஓராண்டில் 1,000-க்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். பிறகு யூனிஃபைட் நெய்பர்ஸையே விலைக்கு வாங்கினார்கள். 'ஆஞ்சிஸ் லிஸ்ட்' என்று பெயர் வைத்தார்கள். 1999-இல் அது இணையத்துக்கு வந்தது.

அதை மக்கள் நம்பியதற்குக் காரணங்கள் எளியவை. பணம் கட்டியவர்கள் வீட்டுக்காரர்கள். வேலை செய்பவர் காசு கொடுத்துப் பட்டியலில் இடம் பிடிக்க முடியாது. பெயர் மறைத்து யாரும் கருத்து எழுத முடியாது. 'ஏ' முதல் 'எஃப்' வரை மதிப்பெண் உண்டு. குறை சொல்லப்பட்டவர் தன் பக்க விளக்கத்தையும் தரலாம்.

ஆனால் சந்தாப் பணத்தை மட்டும் நம்பி வேகமாக வளர முடியவில்லை. நல்ல மதிப்பெண் பெற்றவர்களிடம் விளம்பரம் வாங்கத் தொடங்கினார்கள். 2011 நவம்பரில் பங்குச் சந்தைக்கு வந்தபோது, வருமானத்தில் பெரும்பகுதி வீட்டுக்காரர்களிடமிருந்து அல்ல, வேலை செய்பவர்களிடமிருந்தே வந்துகொண்டிருந்தது. 2016-இல் கருத்துகளைப் படிப்பதற்கான கட்டணம் நீக்கப்பட்டது. 2017-இல் 'ஹோம் அட்வைசர்' நிறுவனத்துடன் இணைந்தது. வாடிக்கையாளர் விவரங்களை வேலையாட்களுக்குக் கட்டணத்துக்குத் தருவது அதன் தொழில். 2021-இல் பெயரும் 'ஆஞ்சி' என்று சுருங்கியது.

இதில் மோசடி நடந்தது என்று நான் சொல்லவில்லை. யார் பணம் கட்டுகிறாரோ அவர் பக்கம் தராசு மெல்லச் சாயும் என்பதைத்தான் சொல்கிறேன்.

நமக்குச் சந்தாவும் வேண்டாம், செயலியும் வேண்டாம். சங்க அலுவலகத்தில் ஒரு நோட்டு, அதன் நகலாக எல்லோரும் பார்க்கும்படி ஒரு கூகுள் ஷீட், இரண்டும் போதும். எலக்ட்ரீஷியன், கார்பென்டர், ஏசி மெக்கானிக் என்று யாரிடம் வேலை வாங்கினாலும் உங்கள் பெயர், ஃபிளாட் எண், தேதி, செய்த வேலை, கொடுத்த தொகை ஆகியவற்றை எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து அந்தக் குழாய் மறுபடி ஒழுகுகிறதா என்பதையும் எழுதுங்கள். கமிஷன் வாங்கிக்கொண்டோ, உறவினர் என்பதாலோ யாரையும் சேர்க்க வேண்டாம்.

குறை எழுதுவதற்கு முன் அந்த வேலையாளிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நம் ஒரு வரியால் அவருடைய அடுத்த பத்து வீட்டு வேலை போகலாம். அதே ஒரு வரி, தனியாக இருக்கும் நம் மூத்தோர் ஒருவர் யாருக்குக் கதவைத் திறக்கலாம் என்பதையும் முடிவு செய்யும். ஆகவே, உங்கள் பெயரைப் போட்டுச் சொல்லக்கூடியதை மட்டும் எழுதுங்கள்.