மாஸ்ட் செல்
எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை பற்றிய ஒரு மொழிபெயர்ப்பில் ‘பாய்மரச் செல்’ என்று படித்துத் திகைத்தேன். மாஸ்ட் செல்லைத்தான் கப்பலேற்றியிருக்கிறார்கள். இந்த ‘மாஸ்ட்’ ஜெர்மன் சொல். பன்றி, வாத்து போன்றவற்றுக்குத் தீனி போட்டுக் கொழுக்க வைப்பதைக் குறிக்கும். ஆங்கிலத்திலும், காட்டில் உதிர்ந்து பன்றிக்குத் தீனியாகும் ஓக், பீச் கொட்டைகளுக்கு இதே பெயர் உண்டு. கப்பல் கம்பத்தோடு அதற்கு உறவில்லை. 1878இல் லைப்சிக்கில் மாணவராயிருந்த பால் எர்லிக், சாயமேற்றிய திசுவில் துகள்கள் நிரம்பிய செல்களைக் கண்டார். மிதமிஞ்சிய ஊட்டம் பெற்றவை என்று எண்ணி ‘மாஸ்ட்செல்லென்’ எனப் பெயர் வைத்தார். துகள்களில் இருப்பவை ஹிஸ்டமின், ஹெபாரின் முதலியவை என்பது பின்னால் தெரிந்தது, பெயர் ஒட்டிக்கொண்டது. இன்று மாஸ்ட் செல் நோயை அறியத் துகளைப் பார்த்தால் மட்டும் போதாது. இயல்பான மாஸ்ட் செல்லின் மேற்பரப்பிலும் சிடி117 என்ற மார்க்கர் புரதம் இருக்கும். மாஸ்ட் செல்கள் அளவுமீறிச் சேரும் நோயான, பெரியவர்களுக்கு வரும் சிஸ்டமிக் மாஸ்டோசைட்டோசிஸில் சிடி25, சிடி2 போன்ற, வழக்கமாக அங்கே இல்லாத மார்க்கர்களும் தலைகாட்டும். மார்க்கரைக் ‘குறிப்பான்’ என்கிறார்கள். மாட்டுக்குச் சூடு வைத்த அடையாளத்தைக் குறி என்று சொல்லிப் பழகிய நமக்குக் ‘குறி’யே போதும் என்பேன். மாஸ்டுக்குத்தான் சிக்கல். ‘கொழுசெல்’ மூலத்துக்கு நெருக்கம். ஆனால் கொழுப்புச் செல்லோடு குழம்பும். ‘துகள்செல்’ என்றால், துகள் நிறைந்த இன்னொரு செல்லான பேசோஃபிலும் பங்குக்கு வரும். நான் மாஸ்ட் செல் என்றே எழுதுகிறேன்.