மழை நாளில் வீட்டிலிருந்தே பார்க்க ஆறு போர்ப் படங்கள்: நடுவட்டத்துக் கணக்கில்



தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் நம் ஊரில் பகல் பன்னிரண்டு மணிக்கும் விளக்குப் போட வேண்டியிருக்கும். பள்ளிக்கூடம் விடுமுறை, பிள்ளைகள் வீட்டில். கரண்ட் இருந்தால் டி.வி., இல்லாவிட்டால் செல்போன். பேரப்பிள்ளைகள் கேட்பது பெரும்பாலும் சண்டைப் படம்தான். பார்க்க வேண்டாம் என்று சொன்னால் கேட்கப் போவதில்லை. எதைப் பார்க்கலாம், எப்படிப் பார்க்கலாம் என்று சொன்னால் ஒருவேளை கேட்பார்கள். சங்கச் செயலாளர் ‘வரலாறு’ பக்கத்துக்கு எழுதித் தரச் சொன்னபோது இதையே எழுதலாம் என்று தோன்றியது.

நான் வங்கியில் பேரேடு எழுதிப் பழகியவன். வரவு என்று ஒரு பக்கம் இருந்தால் பற்று என்று இன்னொரு பக்கம் இருந்தே தீரும். போர்ப் படங்களில் வெற்றி, வீரம், கொடி எல்லாம் வரவுப் பக்கத்தில் பளபளவென்று தெரியும். சுமை தூக்கியவன், நடந்தே ஊர் வந்தவன், மருந்து இல்லாமல் செத்தவன் எல்லாம் பற்றுப் பக்கம். நம் நடுவட்டத்தில் பல குடும்பங்களின் கதை அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதனால் ஆறு படங்களையும் நம் ஊரோடு சேர்த்தே சொல்கிறேன்.

1. ஓபியம் போர் (சீனம், 1997)

நம் ஊர்ப் பழைய ஜெயிலைப் பார்க்க வரும் சுற்றுலாப் பயணிகளிடம், ஓபியம் போரில் பிடிபட்ட சீனர்களை அடைத்த இடம் என்று சொல்வது வழக்கம். 1909-இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் நூல் வேறு விதமாகச் சொல்கிறது. மலாக்கா நீரிணைப் பகுதியின் ஆங்கிலேயர் சிறைகளில் இடம் போதாமல் சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்ட சீனக் கைதிகள் அவர்கள் என்கிறார் அவர். எப்படி வந்திருந்தாலும், சிங்கோனா தோட்ட வேலைக்கு அவர்களின் உழைப்புப் பயன்பட்டது. தண்டனை முடிந்தபின் சிலர் தமிழ்ப் பெண்களை மணந்து, நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடையில் குடியேறி, காப்பியும் காய்கறியும் பயிரிட்டுப் பிழைத்ததையும் தர்ஸ்டன் பதிவு செய்திருக்கிறார்.

அந்தப் போர் ஏன் வந்தது என்பதைச் சீன இயக்குநர் ஷியே ஜின் எடுத்த இந்தப் படத்தில் பார்க்கலாம். ஆங்கிலேயருக்குச் சீனத் தேயிலை வேண்டும். அதற்குக் கொடுக்க வெள்ளி போதவில்லை. எனவே இந்தியாவில் விளைந்த ஓபியத்தைச் சீனாவில் இறக்கினார்கள். 1839-இல் லின் என்ற சீன அதிகாரி சுமார் 20,000 பெட்டி ஓபியத்தைப் பறிமுதல் செய்து அழித்தார். அதிலிருந்து போர் மூண்டது. 1842 ஒப்பந்தத்தில் ஹாங்காங் ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1997-இல் அது சீனாவுக்குத் திரும்பியபோது வெளிவந்த படம் இது.

இந்தப் போரில் நம்மவர்களும் இருந்தார்கள். 1841 மே மாதம் கான்டன் அருகே சான்யுவான்லி என்ற இடத்தில் 37-வது மதராஸ் சுதேசிக் காலாட்படையின் ஒரு பிரிவு கொட்டும் மழையில் தனியாக மாட்டிக்கொண்டது. துப்பாக்கி மருந்து நனைந்து சுட முடியாமல், கிராமத்து ஜனங்களின் ஈட்டிகளுக்கு நடுவே நின்றது. சென்னையிலிருந்து போன சிப்பாய் சீனாவில். சீனாவிலிருந்து கிளம்பியவன் நடுவட்டத்து ஜெயிலில். இடையில் லாபம் பார்த்தது கம்பெனி.

2. தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய் (ஆங்கிலம், 1957)

போர்ப் படம் என்றதும் யாரும் முதலில் சொல்லும் பெயர். டேவிட் லீன் இயக்கம், 7 ஆஸ்கர் விருதுகள். ஜப்பானியரிடம் கைதியான பிரிட்டிஷ் வீரர்கள் சயாம் காட்டில் ரயில் பாலம் கட்டும் கதை. அலெக் கின்னஸின் நடிப்புக்காகவே பார்க்கலாம்.

ஆனால் கணக்கைச் சரிபார்க்க வேண்டும். சயாமையும் பர்மாவையும் இணைத்த அந்த ரயில் பாதையின் நீளம் சுமார் 415 கிலோமீட்டர். 1942-43-இல் போடப்பட்டது. நேச நாட்டுப் போர்க் கைதிகள் 60,000-க்கு மேற்பட்டோர் வேலை செய்தனர், 12,000-க்கு மேல் இறந்தனர். ஆசியத் தொழிலாளர்களோ 2 லட்சத்துக்கும் அதிகம் என்பது மதிப்பீடு. அவர்களில் 90,000 பேர் வரை இறந்ததாகச் சொல்கிறார்கள். அதில் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஏராளம். கொஞ்ச நாள் வேலை, நல்ல கூலி என்று சொல்லித்தான் ஏற்றினார்கள். கங்காணி சொல்லை நம்பிக் கடல் கடந்த குடும்பங்கள் மறுபடியும் ஒரு சொல்லை நம்பின. படத்தின் கதையில் அவர்களுக்கு இடமில்லை. காஞ்சனபுரியில் சுமார் 7,000 போர்வீரர்களின் கல்லறைகள் வரிசையாகப் பராமரிக்கப்படுகின்றன. தோட்டத் தொழிலாளிக்கு அப்படிப் பெயர் பொறித்த கல் கிடையாது.

அங்கே பலரைக் கொன்றது காலராவும் மலேரியாவும். மலேரியாவுக்கு மருந்து கொய்னா. அந்தக் காலத்தில் உலகத்துக்கு வேண்டிய கொய்னாவில் சுமார் 90 சதவீதம் ஜாவாத் தீவிலிருந்து வந்தது. 1942 மார்ச்சில் ஜாவா ஜப்பானியர் வசமானது. நேச நாடுகளுக்கு வழி அடைபட்டபோதுதான் 1860-களில் மெக்கைவர் காலத்தில் நம் மலையில் நட்ட சிங்கோனாவின் அருமை எல்லோருக்கும் தெரிந்தது. மரப்பட்டை உரித்த நம் ஊர்க் கைகளுக்கும் அந்தப் போரில் ஒரு பங்கு உண்டு.

படத்தில் தெரியும் ஆறு சயாமில் இல்லை. இலங்கையில் கித்துல்கல என்ற ஊரில், களனி ஆற்றில் எடுத்தார்கள். அங்கிருந்து மேலே ஏறினால் மலையகத் தேயிலைத் தோட்டங்கள். படப்பிடிப்பு நடந்தபோது அந்தத் தோட்டங்களின் தமிழர்களில் பெரும்பாலோர் 1948 சட்டத்தால் குடியுரிமை இழந்து நின்றார்கள்.

3. பராசக்தி (1952)

பழைய பராசக்தியைச் சொல்கிறேன். சிவாஜியின் முதல் படம், கலைஞரின் வசனம் என்று எல்லோருக்கும் தெரியும். இதைப் போர்ப் படமாக யாரும் சொல்வதில்லை. ஆனால் கதையைக் கிளப்பி விடுவதே போர்தான். ரங்கூனில் மூன்று அண்ணன்கள், மதுரையில் தங்கைக்குக் கல்யாணம். போர் நெருக்கடியில் கப்பலில் ஒருவருக்குத்தான் இடம் கிடைக்கிறது. மற்ற இருவரும் பிறகு அகதிகளோடு நடந்து வருகிறார்கள். குண்டுவீச்சில் ஒருவர் காலை இழக்கிறார்.

1941 டிசம்பர் 23-இல் ரங்கூனில் குண்டு விழுந்தது. 1942 மார்ச்சில் நகரம் ஜப்பானியர் கைக்குப் போனது. நான்கைந்து லட்சம் இந்தியர்கள் பர்மாவை விட்டுப் புறப்பட்டார்கள். பெரும்பாலோர் மலையும் காடும் தாண்டி நடந்தார்கள். வழியில் இறந்தவர்கள் பல்லாயிரம். அதற்குப் பத்தே ஆண்டு கழித்து வந்த படம் என்பதால், தியேட்டரில் உட்கார்ந்திருந்தவர்களில் நடந்து வந்தவர்களும் இருந்திருப்பார்கள். கோர்ட் காட்சியை மட்டும் யூடியூபில் பார்த்த பிள்ளைகளுக்கு இந்தத் தொடக்கத்தைக் காட்டுங்கள்.

4. அந்த நாள் (1954)

1943 அக்டோபரில் சென்னையில் ஜப்பானிய விமானம் குண்டு போட்டது. அந்த நாளை வைத்து எஸ்.பாலசந்தர் இயக்கிய ஏவி.எம். படம் இது. பாட்டு கிடையாது, சண்டைக் காட்சி கிடையாது. ஒரு ரேடியோ எஞ்சினீயர் சுடப்பட்டுக் கிடக்கிறார். யார் சுட்டார்கள் என்று ஒவ்வொருவரும் சொல்லச் சொல்லக் கதை விரிகிறது. முடிவைச் சொல்லிவிட்டால் பார்ப்பவர்கள் என்னைத் திட்டுவார்கள். நாட்டுப்பற்று, துரோகம் என்ற சொற்களை அவ்வளவு சுலபமாக யார் நெற்றியிலும் ஒட்ட முடியாது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொன்ன தமிழ்ப் படம் எனக்குத் தெரியவில்லை.

இதோடு ஒப்பிட, போர் நடக்கும்போதே சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த ‘பர்மா ராணி’ (1945) கிடைத்தால் பாருங்கள். பிலிம் தட்டுப்பாட்டால் ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்று அரசு கட்டுப்பாடு போட்டிருந்த காலம். போருக்கு ஆதரவாகப் படம் எடுக்கவும் அரசின் நெருக்குதல் இருந்தது. சர்க்காருக்காக எடுத்த படம் எப்படி இருக்கும், ஒன்பது வருஷம் கழித்து நிதானமாக யோசித்து எடுத்த படம் எப்படி இருக்கும் என்று வித்தியாசம் தெரியும்.

5. கன்னத்தில் முத்தமிட்டால் (2002)

மணிரத்னம் படம். தான் தத்தெடுக்கப்பட்டவள் என்று தெரிந்துகொண்ட சிறுமி, பெற்ற தாயைத் தேடி இலங்கைக்குப் போகிறாள். போருக்குள் ஒரு குழந்தையின் கண்ணால் நுழைவதால், பார்ப்பவருக்குப் பக்கம் பிரிக்கத் தோன்றாது. குண்டுவெடிப்புக் காட்சிகள் உண்டு. சின்னப் பிள்ளைகள் என்றால் கூட உட்கார்ந்து பாருங்கள்.

நம் டான்டீ குடியிருப்புகளில் இருப்பவர்களின் கதை இதிலிருந்து வேறு. அவர்களைக் கிளப்பியது ஒரு காகிதம். 1964 அக்டோபர் 30-இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தர வேண்டும், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். மனிதர்களைச் சாக்குமூட்டை போல எண்ணிப் பிரித்த ஒப்பந்தம். வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-இல் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கியது. தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் அட்டை வாங்கி, இந்தக் குளிருக்கு வந்து சேர்ந்த அவர்களைப் பற்றி நான் சிபாரிசு செய்யும்படியான பெரிய படம் எதுவும் என் நினைவுக்கு வரவில்லை.

6. அமரன் (2024)

பேரப்பிள்ளைகள் ஏற்கெனவே பார்த்திருப்பார்கள். மறுபடி பார்க்கச் சொல்கிறேன். 2014 ஏப்ரல் 25-இல் காஷ்மீரில் உயிர்நீத்து, அசோகச் சக்கர விருது பெற்ற மேஜர் முகுந்த் வரதராஜனின் கதை. அவர் மனைவி இந்துவாக நடித்த சாய் பல்லவி நம் மாவட்டத்துக் கோத்தகிரிக்காரர். முதல் முறை சண்டைக் காட்சிக்காகப் பார்த்திருந்தால், இரண்டாம் முறை இந்துவை மட்டும் கவனித்துப் பாருங்கள். போன் மணி அடிக்கும்போது அவர் முகம் மாறுவதைப் பாருங்கள்.

ஊட்டி தாண்டிப் போனால் வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம். 1758 முதல் கணக்கு வைக்கும் படை. நம் மலைப் பிள்ளைகள் பலருக்குப் பட்டாளம் என்பது கௌரவமான வேலை, அதில் இரண்டு கருத்து இல்லை. கவுன்டரில் இருந்த காலத்தில் ஒவ்வொரு நவம்பரிலும் உயிர்வாழ் சான்று கொடுக்க வரும் ராணுவக் குடும்ப ஓய்வூதியக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். முப்பது வயதில் கையெழுத்துப் போட ஆரம்பித்து, எழுபது வயதில் கைநாட்டுக்கு மாறிய அம்மாக்கள் உண்டு. எந்தப் படமும் அவ்வளவு நீளம் ஓடுவதில்லை.

இந்தப் படங்கள் எந்தத் தளத்தில் இருக்கின்றன என்பது மாதத்துக்கு மாதம் மாறும். பெயரைத் தமிழில் தட்டித் தேடச் சொல்லிப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள், நம்மைவிட வேகமாகக் கண்டுபிடிப்பார்கள். ஆங்கிலப் படத்துக்கும் சீனப் படத்துக்கும் எழுத்து ஓடும்போது படித்துச் சொல்ல ஒருவர் பக்கத்தில் இருந்தால் பாட்டிகளும் பார்க்கலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஐந்தாவது படத்தைப் பார்த்து முடித்த அன்றைக்கே, வீட்டிலோ பக்கத்து லைனிலோ கப்பலில் வந்த பெரியவர் இருந்தால், பிள்ளைகளை அவர் பக்கத்தில் உட்கார வையுங்கள். எந்தத் தோட்டம், எந்த வருஷம், மண்டபத்தில் எத்தனை நாள், கையில் என்ன கொண்டுவந்தார்கள், எதை விட்டுவந்தார்கள் என்று கேட்டு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அன்றைக்கு இருபது வயதாக இருந்தவர்கள் இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார்கள். எழுதியதைச் சங்க அலுவலகத்தில் கொடுத்தால், பெயர் போட வேண்டாம் என்றால் போடாமல், அடுத்த இதழ் முதல் ஒவ்வொன்றாக வெளியிடலாம் என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். தட்டச்சு வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.