முதியோர் மனச்சோர்வுக்கான பேச்சுச் சிகிச்சை

முதியோர் மனச்சோர்வுக்கான பேச்சுச் சிகிச்சை என்பது, மனச்சோர்வு நோய்க்கு உள்ளான முதியவர் ஒருவரும் பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் ஒருவரும் குறித்த இடைவெளிகளில் சந்தித்து, திட்டமிட்ட முறையில் உரையாடுவதன் மூலம் நோயைத் தணிக்கும் உளவியல் சிகிச்சை ஆகும். உளச்சிகிச்சை, உளவழிச் சிகிச்சை என்ற பெயர்களும் வழங்குகின்றன. 60 அல்லது 65 வயதைக் கடந்தோர் பொதுவாக முதியோர் எனக் கொள்ளப்படுகின்றனர். ஆறுதல் கூறுவதும் அறிவுரை வழங்குவதும் மட்டுமே பேச்சுச் சிகிச்சை ஆகிவிடா. இதற்கு வரையறுத்த இலக்கும், படிநிலைகளும், முன்னேற்றத்தை அளக்கும் வழிகளும் உண்டு.

முதியவர்களின் மனம் இனி மாறாது, எனவே அவர்களுக்கு இச்சிகிச்சை பயன்படாது என்ற கருத்து நெடுங்காலம் நிலவி வந்தது. கடந்த சில பத்தாண்டுகளில் வெளிவந்த ஆய்வுகள் இக்கருத்தை மறுத்துள்ளன. எனினும் முதியோருக்கு மாத்திரை மட்டும் எழுதித் தருவதும், எந்தச் சிகிச்சையும் தராமல் விடுவதும் இன்றும் பரவலாகக் காணப்படுகின்றன.

முதுமையும் மனச்சோர்வும்

மனச்சோர்வு முதுமையின் இயல்பான பகுதி அன்று. துணையின் இறப்பு, பணி ஓய்வு, நாட்பட்ட நோய், காது கேளாமை, தனிமை ஆகியவை நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன. ஆயினும் இவற்றை எதிர்கொள்ளும் முதியோரில் பெரும்பாலானோர் மனச்சோர்வு நோய்க்கு ஆளாவதில்லை.

துயரமும் மனச்சோர்வும் ஒன்றல்ல. துணையை இழந்தவரின் துயரம் அலைபோல் வந்து செல்லும். பேரக்குழந்தை மடியில் வந்து அமர்ந்தால் அவர் முகம் சற்றேனும் மலரும். மனச்சோர்விலோ எதிலும் நாட்டமின்மை, தான் பயனற்றவர் என்ற எண்ணம், குற்ற உணர்வு ஆகியவை நாள் முழுவதும் நீடிக்கும். இத்தகைய அறிகுறிகள் இரண்டு வாரங்களுக்கு மேல் தொடர்ந்து, அன்றாட வாழ்வைப் பாதித்தால் மருத்துவ மதிப்பீடு தேவை.

முதியோர் பலர் கவலையைச் சொல்வதில்லை, உடலைச் சொல்வர். தூக்கமின்மை, பசியின்மை, உடல்வலி, களைப்பு, மறதி ஆகியவற்றுக்காகவே அவர்கள் மருத்துவரிடம் செல்கின்றனர். குடும்பத்தினரும் "வயதானால் அப்படித்தான்" என்று விட்டுவிடுவதால் நோய் கண்டறியப்படாமல் போகிறது. இந்தியாவில் 2017-18 இல் நடத்தப்பட்ட முதுமை பற்றிய நெடுங்கால ஆய்வின் முதற்கட்டத்தில், 60 வயதைக் கடந்தோரில் சுமார் 8 விழுக்காட்டினரிடம் கடும் மனச்சோர்வுக்கான அறிகுறிகள் காணப்பட்டன. தமக்கு அந்நோய் இருப்பதாக மருத்துவர் கூறியுள்ளார் என்றவர்களோ அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கினரே.

இதன் விளைவு சிறிதன்று. உலகின் ஏறத்தாழ எல்லாப் பகுதிகளிலும் தற்கொலை வீதம் 70 வயதைக் கடந்தோரிடமே மிக உயர்ந்து காணப்படுவதாக உலக நலவாழ்வு அமைப்பின் 2014 ஆம் ஆண்டு அறிக்கை தெரிவித்தது.

வரலாறு

உளப்பகுப்பாய்வின் முன்னோடியான சிக்மண்ட் பிராய்டு, 1904 இல் ஆற்றிய உரையொன்றில், ஐம்பது வயதை நெருங்கியவர்களின் மனத்தில் சிகிச்சைக்குத் தேவையான நெகிழ்வு இருப்பதில்லை என்ற கருத்தை முன்வைத்தார். அப்போது அவருக்கு வயது 48. அவருடைய மாணவரான கார்ல் ஆபிரகாம் 1919 இல் இதிலிருந்து மாறுபட்டார். நோயாளியின் வயதை விட நோயின் வயதே முக்கியம் என்பது அவரது கருத்து. எனினும் பிராய்டின் கருத்தே நெடுநாள் செல்வாக்குப் பெற்றிருந்தது.

ஐக்கிய அமெரிக்காவின் உளவியலாளர் லில்லியன் மார்ட்டின், தாம் ஓய்வு பெற்ற பின்னர், 1929 இல் சான் பிரான்சிஸ்கோவில் முதியோருக்கான ஆலோசனை மையம் ஒன்றைத் தொடங்கினார். 1963 இல் உளநல மருத்துவர் ராபர்ட் பட்லர், முதியோர் பழைய நினைவுகளில் மூழ்குவது மூளைத் தளர்ச்சியின் அடையாளம் அன்று என்று எழுதினார். முடிவை நெருங்கும் மனிதர் தம் வாழ்வை மீண்டும் எண்ணிப் பார்த்து ஒழுங்குபடுத்தும் இயல்பான செயல் அது என்று அவர் விளக்கினார். வயதின் அடிப்படையில் மக்களைத் தாழ்வாக நடத்துவதைக் குறிக்கும் "ஏஜிசம்" என்ற ஆங்கிலச் சொல்லை உருவாக்கியவரும் அவரே.

ஏரன் பெக் 1960களில் உருவாக்கிய அறிதல்சார் சிகிச்சையை, டோலரஸ் காலகர், லாரி தாம்சன் ஆகியோர் 1980களில் முதியோருக்கு ஏற்ப மாற்றியமைத்தனர். அறிதல்சார் சிகிச்சை, நடத்தைச் சிகிச்சை, குறுகியகால உளஇயக்கச் சிகிச்சை ஆகிய மூன்றையும் அவர்கள் முதியோரிடம் ஒப்பிட்டு 1987 இல் முடிவுகளை வெளியிட்டனர். மூன்றும் ஏறத்தாழ சம அளவில் பயன் தந்தன.

நோயறிதல்

சிகிச்சைக்கு முன் உடல்சார்ந்த காரணங்கள் உள்ளனவா எனப் பார்ப்பது இன்றியமையாதது. தைராய்டு சுரப்புக் குறைவு, வைட்டமின் பி12 குறைபாடு, பார்க்கின்சன் நோய், பக்கவாதம், சில மருந்துகளின் பக்கவிளைவு ஆகியவை மனச்சோர்வை ஏற்படுத்தலாம் அல்லது அதைப் போலத் தோன்றலாம்.

முதியோர் மனச்சோர்வு அளவுகோல் 1980களின் தொடக்கத்தில் ஜெரோம் யெசவேஜ் குழுவினரால் உருவாக்கப்பட்டது. முதல் வடிவில் 30 வினாக்களும் பின்னர் வந்த சுருக்க வடிவில் 15 வினாக்களும் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று விடையளித்தால் போதும். தூக்கமும் பசியும் வேறு நோய்களாலும் குறையக்கூடும் என்பதால், உடல் அறிகுறிகளைத் தவிர்த்து மனநிலை பற்றியே இவ்வினாக்கள் கேட்கின்றன. இது சல்லடை போன்றது. நோயை உறுதி செய்வது மருத்துவரின் நேர்காணலே.

முறைகள்

அறிதல்சார் நடத்தைச் சிகிச்சை

எண்ணம், உணர்வு, செயல் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று பாதிக்கின்றன என்பது இதன் அடிப்படை. "நான் பிறருக்குப் பாரம்" என்று எண்ணும் முதியவரிடம் "அப்படிச் சொல்லாதீர்கள்" என்று சிகிச்சையாளர் கூறுவதில்லை. அவ்வெண்ணத்துக்கு ஆதரவான சான்றுகள் எவை, எதிரானவை எவை என்று இருவரும் சேர்ந்து பட்டியலிடுவர். அந்த வாரத்தில் பேரனைப் பள்ளியிலிருந்து அழைத்து வந்தது யார் என்ற வினா, ஆறுதல் மொழிகளை விட வலிமையானதாக அமையலாம்.

செயலூக்கச் சிகிச்சை

மனம் சோர்ந்தவர் செயல்களைக் குறைக்கிறார். செயல்கள் குறைவதால் மனம் மேலும் சோர்கிறது. இச்சுழலைச் செயலின் பக்கத்திலிருந்து உடைப்பதே இதன் நோக்கம். நாளின் செயல்களையும் அவ்வேளைகளில் இருந்த மனநிலையையும் குறித்து வைத்து, பயன் தரும் செயல்கள் சிறிது சிறிதாகக் கூட்டப்படுகின்றன. மனம் தெளிந்த பின் செய்யலாம் என்று காத்திராமல், முதலில் செய்யத் தொடங்குவது இதன் விதி.

சிக்கல் தீர்க்கும் சிகிச்சை

முதியோரிடம் மிகுதியாக ஆராயப்பட்ட முறைகளுள் இதுவும் ஒன்று. இதன் படிகள் பின்வருமாறு:

1. சிக்கலைத் தெளிவாக வரையறுத்தல்
2. எட்டக்கூடிய இலக்கை அமைத்தல்
3. இயன்ற தீர்வுகள் அனைத்தையும் பட்டியலிடல்
4. ஒவ்வொன்றின் நன்மை தீமைகளை எடைபோடல்
5. ஒன்றைத் தேர்தல்
6. திட்டமிட்டுச் செயற்படுத்தல்
7. விளைவை மதிப்பிடல்

எடுத்துக்காட்டாக, முழங்கால் வலியால் வெளியே செல்வதை நிறுத்திவிட்ட 72 வயதுப் பெண் ஒருவர், "எனக்கு இனி ஒன்றுமில்லை" என்று கூறுவதாகக் கொள்வோம். இவ்வடிவில் அதற்குத் தீர்வு காண இயலாது. உரையாடலின் வழியே அது, "வெள்ளிக்கிழமைதோறும் கோயிலுக்குச் செல்வேன், இப்போது நடக்க முடியவில்லை, மகனிடம் கேட்கக் கூச்சமாக உள்ளது" என்று தெளிவடையும். ஊன்றுகோல் பயன்படுத்துதல், கூட்டம் குறைந்த வேளையில் செல்லுதல், பக்கத்து வீட்டாருடன் ஆட்டோவில் செல்லுதல், மகனிடம் மாதம் ஒருமுறை மட்டும் கேட்டல் என நான்கு தீர்வுகள் கிடைக்கலாம். அவற்றுள் ஒன்றை அவரே தேர்ந்து செய்து பார்ப்பார். கோயிலுக்குச் சென்று வருவதுடன், தம்மால் ஒரு சிக்கலைத் தீர்க்க முடிந்தது என்ற அறிவும் மருந்தாகிறது.

ஆளிடை உறவுச் சிகிச்சை

ஜெரால்ட் கிளெர்மன், மிர்னா வைஸ்மன் ஆகியோர் உருவாக்கிய இம்முறை, இறப்பின் துயரம், உறவுப் பிணக்கு, வாழ்க்கைப் பங்கில் மாற்றம், உறவுகளின் போதாமை ஆகிய நான்கில் கவனம் செலுத்துகிறது. பணி ஓய்வும், பிள்ளைகளின் வீட்டுக்குக் குடிபெயர்தலும், நோயுற்ற துணையைப் பராமரித்தலும் பங்கு மாற்றங்களே. எனவே முதியோருக்கு இம்முறை இயல்பாகப் பொருந்துகிறது.

வாழ்க்கை மீள்பார்வை

பட்லரின் கருத்திலிருந்து வளர்ந்த முறை இது. குழந்தைப் பருவம் முதல் இன்று வரையிலான வாழ்வை வரிசையாக நினைவுகூர்ந்து, வெற்றிகளையும் இழப்புகளையும் முழுமையான ஒரு கதையாக இணைக்க முதியவருக்கு உதவுகிறது. பழங்கதை பேசிப் பொழுது போக்குவதிலிருந்து இது வேறானது. ஆறாத நிகழ்வுகளுக்குப் புதிய பொருள் காண்பதே இதன் நோக்கம்.

முதியோருக்கேற்ற மாற்றங்கள்

சிகிச்சையின் அடிப்படை எல்லா வயதினருக்கும் ஒன்றே. வழங்கும் முறையில் பின்வரும் மாற்றங்கள் செய்யப்படுகின்றன:

* காது கேட்புக் கருவியும் கண்ணாடியும் உள்ளனவா என்று முதலிலேயே பார்த்தல். பெரிய எழுத்தில் குறிப்புகள் தருதல்.
* மெதுவாகச் செல்லுதல், ஒரு சந்திப்பில் ஒரு பொருளை மட்டும் பேசுதல், முடிவில் சுருக்கமாக மீளக் கூறுதல்.
* பயணம் இயலாதவருக்கு வீட்டிலோ தொலைபேசியிலோ சிகிச்சை வழங்குதல்.
* எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் படங்களையோ வாய்மொழிப் பயிற்சிகளையோ பயன்படுத்துதல்.
* முதியவரின் ஒப்புதலுடன் மட்டும் குடும்பத்தினரைச் சேர்த்தல். அவருடன் தனியே பேசவும் நேரம் ஒதுக்குதல்.

கூட்டுக் குடும்பத்தில் கடைசியாகக் கூறியது குறிப்பாக முக்கியம். மருமகளோ மகனோ அருகிலிருந்து விடை சொல்லும்போது முதியவர் வாய் திறப்பதில்லை. சிகிச்சையாளர் தம்மை விட மிக இளையவர் என்பதும் தொடக்கத்தில் தயக்கத்தைத் தரலாம். மரியாதையுடன் விளித்தலும், அவரது அனுபவத்தை மதித்துக் கேட்டலும் இத்தயக்கத்தைக் குறைக்கின்றன.

ஆய்வுச் சான்றுகள்

பிம் குயிபெர்சு குழுவினர் 366 ஆய்வுகளைத் தொகுத்து 2020 இல் வெளியிட்ட பகுப்பாய்வில், மனச்சோர்வுக்கான உளச்சிகிச்சையின் பயன் நடுவயதினரிடமும் முதியோரிடமும் குறிப்பிடத்தக்க அளவில் வேறுபடவில்லை என்று கண்டனர்.

ஐக்கிய அமெரிக்காவில் 18 முதனிலை மருத்துவ நிலையங்களில், 60 வயதைக் கடந்த 1801 பேரிடம் நடத்தப்பட்ட இம்பாக்ட் ஆய்வு 2002 இல் வெளியானது. ஒரு குழுவினருக்குப் பராமரிப்பு மேலாளர் ஒருவர் துணையாக இருந்து, மருந்தோ குறுகியகாலச் சிக்கல் தீர்க்கும் சிகிச்சையோ கிடைக்கச் செய்தார். ஓராண்டின் பின் இக்குழுவில் 45 விழுக்காட்டினருக்கு அறிகுறிகள் பாதியாகவோ அதற்கும் மேலாகவோ குறைந்திருந்தன; வழக்கமான சிகிச்சை பெற்றோரில் இது 19 விழுக்காடு. மருந்தும் பேச்சும் சேர்ந்த திட்டம் என்பதால் இப்பயன் முழுவதும் பேச்சுச் சிகிச்சைக்கு உரியதன்று.

இங்கிலாந்தில் 2008 இல் தொடங்கிய பொதுப் பேச்சுச் சிகிச்சைத் திட்டத்தில், முதியோர் மக்கள்தொகையில் தமக்குள்ள பங்கை விடக் குறைவாகவே சேர்கின்றனர். ஆனால் சேர்ந்தவர்களோ இளையோரை விடக் கூடுதல் விகிதத்தில் நலம் பெறுகின்றனர்.

இந்தியாவில் கோவாவில் நடந்த ஆய்வு 2019 இல் வெளியானது. கடும் மனச்சோர்வு நிலையை இன்னும் எட்டாத, ஆனால் அதன் அறிகுறிகள் கொண்ட 60 வயதைக் கடந்த 181 பேர் இதில் பங்கேற்றனர். உளநல வல்லுநர் அல்லாத உள்ளூர்ப் பணியாளர்கள் பயிற்சி பெற்று, சிக்கல் தீர்க்கும் சிகிச்சையுடன் தூக்கத்துக்கான வழிமுறைகளையும், நீரிழிவு போன்ற நோய்களில் தற்பராமரிப்பையும், அரசு உதவிகள் பெறும் வழிகளையும் கற்பித்தனர். ஓராண்டில் இக்குழுவில் 4.4 விழுக்காட்டினரும், வழக்கமான பராமரிப்பு பெற்றோரில் 14.4 விழுக்காட்டினரும் கடும் மனச்சோர்வுக்கு உள்ளாயினர். உளநல வல்லுநர்கள் குறைவாக உள்ள நாடுகளுக்கு இம்முடிவு முக்கியமானது.

மருந்துகளும் பேச்சுச் சிகிச்சையும்

மனச்சோர்வு எதிர் மருந்துகள் பல முதியோருக்குப் பயன் தருகின்றன. எனினும் ஏற்கெனவே பல மருந்துகளை உட்கொள்ளும் வயதில், மருந்துகளுக்கிடையிலான எதிர்வினை, கீழே விழும் வாய்ப்பு, குருதியில் சோடியம் குறைதல் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். பேச்சுச் சிகிச்சையில் இச்சிக்கல்கள் இல்லை. மிதமான நிலையில் பேச்சுச் சிகிச்சை மட்டுமே போதுமானதாக இருக்கலாம். கடுமையான நிலையில் இரண்டும் சேர்த்துத் தரப்படுவது வழக்கம். உட்கொண்டு வரும் மருந்தை மருத்துவரைக் கேளாமல் நிறுத்தக் கூடாது.

வரம்புகள்

உணவையும் நீரையும் மறுக்கும் நிலை, மாயத்தோற்றங்களுடன் கூடிய மனச்சோர்வு, உடனடித் தற்கொலை ஆபத்து ஆகியவற்றில் மருத்துவமனைச் சிகிச்சை தேவை. பேச்சை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது. முற்றிய மறதி நோயில் மேற்கூறிய முறைகள் பெரிதும் பயன்படுவதில்லை. ஆனால் இலேசானது முதல் மிதமானது வரையிலான அறிதிறன் குறைவு ஒரு தடையன்று. அத்தகைய 74 முதியோரிடம் நடத்தப்பட்டு 2015 இல் வெளியான அமெரிக்க ஆய்வில், நினைவூட்டும் குறிப்புகளையும் பராமரிப்பாளரின் துணையையும் சேர்த்து வீட்டிலேயே வழங்கப்பட்ட 12 வாரச் சிகிச்சை, ஆதரவுச் சிகிச்சையை விடக் கூடுதல் பயன் தந்தது.

வறுமை, புறக்கணிப்பு, வீட்டு வன்முறை ஆகியவை மனச்சோர்வுக்குக் காரணமாகும்போது, முதியவரின் எண்ணங்களை மட்டும் மாற்ற முயல்வது போதாது. ஓய்வூதியம், பாதுகாப்பு, சட்ட உதவி ஆகியவற்றையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். இந்தியாவில் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007 இல் இயற்றப்பட்டது.

உதவி பெறுதல்

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் உளநலப் பிரிவுகளை அணுகலாம். இந்திய அரசு 2022 அக்டோபர் 10 இல் தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் தமிழிலும் கட்டணமின்றிப் பெறலாம். மூத்த குடிமக்களுக்கான உதவி எண் 14567. இலங்கையில் தேசிய உளநல நிறுவனத்தின் எண் 1926. சென்னையில் 1986 இல் தொடங்கப்பட்ட சினேகா அமைப்பு, தற்கொலை எண்ணம் கொண்டோரின் பேச்சைத் தன்னார்வலர்கள் வழியே செவிமடுக்கிறது.

இவற்றையும் பார்க்க

* மனச்சோர்வு
* முதுமை
* மறதி நோய்
* உளவியல்
* தற்கொலைத் தடுப்பு