ஸாமோஸ் தீவின் வானசாஸ்திரி

பூமியே சூரியனைச் சுற்றி வருகிறது என்ற கொள்கைக்குக் கோபர்னிக்கஸின் பெயரைச் சூட்டுவது வழக்கமாயினும், அவருக்குப் பதினெட்டு நூற்றாண்டுகள் முந்தியே, சின்ன ஆசியாவின் கரையை அடுத்து ஈஜியன் கடலிற் கிடக்கும் ஸாமோஸ் தீவிற் பிறந்த அரிஸ்டார்க்கஸ் என்னும் கிரேக்க வானசாஸ்திரி அதனைச் சொல்லிவிட்டார். ஸ்ட்ராட்டோ என்ற தத்துவாசிரியரின் மாணாக்கரான இவர், கி.மு. 280-இல் கோடை அயனத்தைக் கவனித்துக் குறித்தவர்.

இவருடைய கிரந்தங்களில் காலத்தின் வாய்க்குத் தப்பியது, சூரிய சந்திரர்களின் பரிமாணத்தையும் தூரத்தையும் ஆராயும் சிறு நூல் ஒன்றே. அதிலுள்ள யுக்தி அலாதியானது. அஷ்டமியை ஒட்டிச் சந்திரன் சரிபாதி ஒளியும் சரிபாதி இருளுமாய் நிற்கும் சமயத்தில், பூமி, சந்திரன், சூரியன் ஆகிய மூன்றையும் இணைக்கும் முக்கோணத்தில் சந்திரனிடத்துக் கோணம் செங்கோணமாகிவிடுமாதலால், நம்மிடத்துக் கோணத்தை மட்டும் அளந்துகொண்டால் தூரங்களின் விகிதம் தானே வெளிப்பட்டுவிடும். அதனை அவர் 87 பாகை என்று கொண்டார். உண்மையில் அது 90 பாகைக்குப் பத்துக் கலை போலவே குறைந்தது. ஒளிக்கும் நிழலுக்கும் நடுவேயுள்ள எல்லை, வளைவு நீங்கி நேர்கோடாகும் கணம் எது என்று வெறுங்கண்ணால் நிச்சயிப்பது சாமானியமன்று; பதினைந்து நாழிகை பிசகினால் மூன்று பாகை பிசகிவிடும். ஆகவே, சந்திரனைவிடச் சூரியன் 18 முதல் 20 மடங்கு தொலைவில் இருப்பதாக அவர் முடிவு கட்டினார். மெய்க்கணக்கோ ஏறக்குறைய 390 மடங்கு. கிரகணத்தின்போது சந்திரன்மேல் விழும் பூமியின் நிழலைக்கொண்டு மேலும் கணித்து, சூரியனுடைய விட்டம் பூமியினுடையதைப்போல் சுமார் ஏழு மடங்கு என்றார். அது 109 மடங்கென்பது இன்றைய கணக்கு.

விடை பிழைதான், எனினும் அப்பிழையான விடையின்படியே சூரியன் கன அளவில் பூமியை இருநூற்றைம்பது மடங்குக்கும் மேல் விஞ்சியது. அத்தனை பெரிய கோளம் இச்சிறு பூமியை நாள்தோறும் பிரதட்சிணம் செய்கிறதென்பது அவர் புத்திக்கு ஒவ்வாமற் போயிருக்கவேண்டும் என்பது என் அனுமானம்; அனுமானமேயன்றி வேறில்லை, ஏனெனில் அந்நூல் சூரிய மையத்தைப்பற்றி வாயே திறக்கவில்லை.

அச்செய்தியை நமக்குக் காத்துத் தந்தவர் ஆர்க்கிமிடீஸ். அண்டம் முழுவதையும் மணலால் நிரப்ப எத்தனை மணல் வேண்டும் என்று கணக்கிட்டு, ஸைரக்யூஸ் அரசன் கெலோனை விளித்து அவர் எழுதிய விநோதமான நூலில், கணக்குக்கு எவ்வளவு பெரிய அண்டம் கிடைக்குமோ அவ்வளவு நல்லது என்ற நோக்கத்தோடு, சூரியனும் நட்சத்திரங்களும் அசைவதில்லை, பூமியே வட்டப்பாதையிற் சுழல்கிறது என்ற அரிஸ்டார்க்கஸின் கொள்கையை எடுத்துக் காட்டுகிறார். மணற்கணக்கு வேண்டியிராவிட்டால் அதுவும் வந்திராது போலும்!

அண்டத்தின் அக்கினிபீடமாகிய பூமியை இடம்பெயர்த்த இவர்மீது தெய்வநிந்தனைக் குற்றம் சாட்டவேண்டுமென்று ஸ்டோயிக் ஞானி கிளியாந்தஸ் கருதியதாகப் புளூட்டார்க் எழுதுகிறார். ஆனால் இக்கொள்கைக்கு வலிய தடை பக்தியன்று. பூமி இடம் மாறுமாயின் நட்சத்திரங்களும் சற்றே இடம் மாறித் தோன்றவேண்டுமே என்ற கேள்விக்கு, அவற்றின் தூரத்தை நோக்கப் பூமியின் பாதை வெறும் புள்ளியே என்ற விடை இருந்ததேயன்றி, அதனை மெய்ப்பிக்கும் கருவி இல்லை. ஸெலூக்கஸ் என்பவர் பின்னர் இவரை ஆதரித்தார்; தாலமியோ பூமியையே நடுவில் நிறுத்தினார். அதை மூடத்தனமென்று இகழ எனக்கு மனம் வரவில்லை. 1838-இல் பெஸ்ஸல் அன்னத் தாரகைக் கூட்டத்து நட்சத்திரம் ஒன்றில் அவ்விடமாற்றத்தை அளந்தபோது, அது ஒரு விகலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இருந்தது.